எட்டு ஊர்களின் நேற்றிரவு

பால் பொங்குவதற்குள் ஆக்ரா வந்துவிடும். மாவை இட்லித் தட்டில் ஊற்றும்போது அம்ரித்சர், சட்னிக்குத் தாளிக்கும்போது பாட்னா. எங்கள் வாசலில் இன்றைக்கு மேகமா வெயிலா என்று நான் இன்னும் எட்டிக்கூடப் பார்த்திருக்க மாட்டேன். ஆனால் வடக்கே எட்டு ஊர்களில் நேற்றிரவு மனிதர்கள் எவ்வளவு புழுங்கினார்கள், எவ்வளவு நடுங்கினார்கள் என்பது தெரிந்திருக்கும். போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, ஒரு கையில் கரண்டியும் மறு கையில் பேனாவுமாக நான் "ஜோர்ஸே போலோ, ஜோர்ஸே போலோ", சத்தமாகப் பேசுங்கள் என்று கத்துவது மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் எங்கள் வரிசை முழுக்கக் கேட்கும். பக்கத்து வீட்டு ஸ்டெல்லா ஆன்ட்டி மூன்று தலைமுறையாகச் செகந்திராபாத்தில் இருக்கும் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பத்தைச் சேர்ந்தவர். நாங்கள் குடிவந்து, நான் இந்த வேலையில் சேர்ந்த முதல் வாரமே வந்து, தன் ஹைதராபாத் பாஷையில் ஏன் என்று விசாரித்துவிட்டார்.

"கைக்கு மா காலங்காத்தால ஹிந்திக்காரங்களோட சண்டை?"

"சண்டை இல்ல ஆன்ட்டி. டெம்பரேச்சர் கேக்கறேன்."

"நம்ம ஊர் டெம்பரேச்சர் கேட்டா போதாதா? ஹைதராபாத் மாதிரி வெதர் உலகத்துலயே கிடையாது, தெரியுமா? டெல்லி கில்லி எல்லாம் நக்கோ மா."

அவருக்குச் சிரித்துக்கொண்டே பதில் சொன்ன அந்தக் காலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அன்றைக்கு எட்டு ஊரும் பேசின. இப்போது ஏழுதான் பேசுகின்றன. கான்பூர் பேசுவதில்லை. பேசாமல் போனதில் எனக்குப் பங்கில்லை, ஆனால் பேசாமல் போன பிறகு நான் செய்த காரியத்தில் பங்கு முழுக்க என்னுடையது. அதைச் சொல்லித் தீர்க்கத்தான் இதை எழுதுகிறேன். ஊரில் இருப்பவர்கள் படிக்கட்டும், என்னைப் போல ஊர் விட்டு ஊர் வந்து, தெரியாத ஊர்களைப் பற்றித் தெரிந்ததுபோல வேலை செய்துகொண்டிருப்பவர்களும் படிக்கட்டும்.

என் அலுவலகம் தார்நாகாவில். எங்கே வேலை என்று யாராவது கேட்டால் "தார்நாகா" என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்வேன். அங்கே பெரிய பெரிய ஆராய்ச்சிக் கூடங்கள் இருப்பதால் கேட்பவர்கள் என்னை விஞ்ஞானி என்று நினைத்துக்கொள்வார்கள். நான் திருத்த மாட்டேன். உண்மையில் அது ஒரு வீட்டின் மாடியில் நான்கு மேசை போட்ட இடம். வடநாட்டு நகரங்களில் எந்த மாதம் எவ்வளவு வெயில், எவ்வளவு குளிர் என்று மாதாமாதம் ஓர் அட்டவணை தயாரிப்போம். கட்டடம் கட்டுகிறவர்களும் குளிர்பதனக் கிடங்கு வைத்திருப்பவர்களும் அதை வாங்குவார்கள். ஒவ்வோர் ஊரிலும் இரண்டு இடங்களை ஒப்பிடுவோம். ஒன்று ஊருக்கு வெளியே விமானநிலையத்துப் பக்கம், திறந்த வெளி. இன்னொன்று ஊருக்குள்ளே, வீடுகள் நெருக்கியடிக்கும் ஏதாவது ஒரு சந்து. பகலில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. பொழுது சாய்ந்த பிறகுதான் வேடிக்கை. வெளியே மண் சீக்கிரம் ஆறிவிடும். சந்தில் சுவரும் தாரும் மொட்டைமாடியும் பகலெல்லாம் குடித்த வெயிலை விடிய விடிய மெதுவாகக் கக்கிக்கொண்டிருக்கும். போதாக்குறைக்கு ஏசிகள் வீட்டுக்குள் இருக்கும் சூட்டை வெளியே தள்ளும். அந்த வித்தியாசம்தான் எங்கள் சரக்கு.

வெளியிடத்து எண்கள் தாமாகவே கணினிக்கு வந்துவிடும். சந்துகளுக்கு மனிதர்கள். ஒவ்வோர் ஊரிலும் ஒருவர் வீட்டு மாடியில் உள்ளங்கை அளவு கருவி ஒன்றை வைத்திருக்கிறோம். இரவின் மிகக் குறைந்த வெப்பம் அதன் திரையில் நிற்கும். காலையில் அவர் அதைப் படித்துவிட்டு ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தினால் பழையது அழிந்து புதுக் கணக்கு தொடங்கும். பிறகு எனக்குப் போன். நான் நோட்டில் எழுதி, அலுவலகத்தில் கணினியில் ஏற்றுவேன்.

கான்பூரில் எங்கள் ஆள் கைலாஷ். நாற்பத்தைந்து வயது இருக்கலாம், நான் பார்த்ததில்லை. கீழே ஜெராக்ஸ் கடை, மேலே வீடு, அதற்கு மேலே கருவி. ஆறு நாற்பதுக்கு மணி அடித்தால் அது கைலாஷ்தான், கடிகாரம் தப்பினாலும் அவர் தப்ப மாட்டார். மற்ற ஏழு பேரும் எண்ணைச் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிடுவார்கள். இவர் மட்டும் என் ஹிந்தியைக் கேட்டுச் சிரிக்க இரண்டு நிமிடம் எடுத்துக்கொள்வார். என் ஹிந்தி பள்ளிக்கூடத்தில் படித்ததில்லை. மெட்டுகுடா காய்கறி வண்டிகளிலும் ஆட்டோக்களிலும் பொறுக்கியது. வேண்டாம் என்பதற்கு "நக்கோ" என்று நான் சொன்னபோது அது எந்த நாட்டு பாஷை என்று கேட்டார். ஒருமுறை அட்டவணையை அனுப்பிவிட்டேன் என்பதற்கு "பர்ஸோ பேஜ் தியா" என்றேன். ஹைதராபாத்தில் பர்ஸோ என்றால் முந்தாநாளாகவும் இருக்கலாம், மூன்று மாதத்துக்கு முன்பாகவும் இருக்கலாம். அந்த மனிதர் முந்தாநாள் வந்த மெயிலை எல்லாம் சல்லடை போட்டுத் தேடிவிட்டு, "மேடம்ஜி, உங்க ஊர்ல நேத்துக்கும் போன வருஷத்துக்கும் ஒரே வார்த்தையா?" என்றார். என் ஊர் ஹைதராபாத் இல்லை, வேலூர் என்று சொன்னேன். அது எங்கே இருக்கிறது என்று கேட்டார். மெட்ராஸ் பக்கம் என்றேன். சமாதானமாகிவிட்டார்.

அவருக்கு இந்த வேலையில் ஒரு பெருமை. மாதாமாதம் அட்டவணையை அச்செடுத்துக் கடையின் முன்கண்ணாடியில் ஒட்டி வைப்பாராம். கான்பூர் என்று போட்டிருக்கும் பக்கத்தில் தினசரி எண்கள் கட்டம் கட்டமாக இருக்கும். ஜெராக்ஸ் எடுக்க வருகிறவர்களிடம் அதைக் காட்டி "இது என் எண்" என்பாராம். ஜனவரியில் மூடுபனி கொட்டிக்கிடந்த ஒரு காலை. வெளியிடத்தில் விரல் விறைக்கும் குளிர், அவர் மாடியிலோ அதைவிட நான்கைந்து டிகிரி கூடுதல். "எங்க சந்து ரஜாய் மேடம்ஜி" என்றார். பஞ்சு அடைத்த தடித்த போர்வைக்கு அங்கே ரஜாய் என்று பெயர். நான் சிரித்தேன். ஜூன் மாதம் அந்தப் போர்வையை எங்கே கழற்றி வைப்பார்கள் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

இப்போது வேலூரைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தவறு அங்கிருந்துதான் வந்தது. வேலூர்க்காரர்களுக்கு வெயில் ஒரு குடும்பப் பெருமை. மெட்ராஸ்காரன் கத்திரி வெயிலைப் பற்றிப் புலம்பினால் நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு சிரிப்போம். பாறை மலைகள் சுற்றி நின்று ஊரை வாட்டும். ஆனால் சாயங்காலம் என் அப்பா மொட்டைமாடியில் நாலு குடம் தண்ணீர் ஊற்றுவார். சுர்ரென்று ஆவி கிளம்பும், கொஞ்ச நேரத்தில் தரை காலுக்கு இதமாகிவிடும், பாயை விரித்தால் விடியும்போது போர்வை தேட வேண்டியிருக்கும். பகல் எவ்வளவு ஆடினாலும் ராத்திரி அடங்கிவிடும் என்பது எனக்கு அடித்துச் சொல்லக்கூடிய விஷயம். அதனால்தான் எங்கள் முதலாளி ராவ் சார், "வெளியிடத்தைவிடச் சந்து எத்தனை டிகிரி வரைக்கும் கூடுதலா காட்டலாம்? அதுக்கு மேல போனா கருவி கெட்டுப்போச்சுன்னு வச்சுக்கணும்" என்று கேட்டபோது, அவரும் சரி, மற்றவர்களும் சரி, யோசித்துக்கொண்டிருக்கையில் நான் பட்டென்று "ஆறு சார்" என்றேன். "ஆறுக்கு மேல சான்ஸே இல்ல. நான் வேலூர்க்காரி சார், வெயிலை எனக்குத் தெரியும்." எல்லோரும் சிரித்தார்கள். ஆறு விதியாகிவிட்டது. ஆறைத் தாண்டும் எண்ணை அடித்துவிட்டு, அந்த ஊரின் வெளியிடத்து எண்ணையும் பக்கத்து ஊர்ச் சந்தின் எண்ணையும் கூட்டிப் பாதியாக்கிப் போட வேண்டும். யாரும் பேசாத நாளுக்கும் அதே வைத்தியம். அப்படிப் போட்ட எண்ணுக்கு ஒரு புள்ளியோ நட்சத்திரமோ வைக்கலாமா என்று ஒருமுறை கேட்டேன். வாங்குகிறவர்கள் பயந்துவிடுவார்கள் என்றார் ராவ் சார். நானும் விட்டுவிட்டேன்.

ஜூன் மாதம் முதல் தேதி கைலாஷ் முப்பத்துநான்கு என்றார். வெளியே இருபத்தொன்பது. ஐந்துதான் வித்தியாசம், எழுதிக்கொண்டேன். இரண்டாம் தேதி முப்பத்தாறு என்றார். மூன்றாம் தேதியும் முப்பத்தாறு. நான் நோட்டில் எழுதி, சிவப்புப் பேனாவால் அடித்து, மேலே முப்பது என்று போட்டேன். நான்காம் தேதி முப்பத்தேழு என்றபோது எனக்குக் கோபம் வந்துவிட்டது. இட்லி வேறு குழைந்துபோயிருந்தது.

"கைலாஷ்ஜி, மீட்டரைத் தண்ணித் தொட்டிக்குப் பக்கத்துல வச்சிருக்கீங்களா? சுவத்துல ஒட்டி வச்சிருக்கீங்களா? ராத்திரியில முப்பத்தேழு எப்படி வரும்?"

"எங்க வச்சீங்களோ அங்கேதான் இருக்கு."

"அப்போ மீட்டர் கெட்டுப்போச்சு."

அன்றைக்கு அவர் சிரிக்கவில்லை. குரலே களைத்திருந்தது. "மீட்டர் டீக் ஹை மேடம்ஜி. ஷெஹர் பிகட் கயா ஹை" என்றார். கருவி சரியாகத்தான் இருக்கிறது, ஊர்தான் கெட்டுவிட்டது என்று அர்த்தம். இது என்ன வசனம் என்று நினைத்தேன். புதுக் கருவி அனுப்புகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். மூன்று நாளாகத் தூங்கினீர்களா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அவர் சொன்ன முப்பத்தேழை ஓர் எண்ணாக மட்டும் கேட்டேன். அந்த முப்பத்தேழுக்குள் ஒரு மனிதர் படுத்திருக்கிறார் என்று என் மண்டையில் ஏறவில்லை.

ஐந்தாம் தேதி ஆறு நாற்பதுக்கு மணி அடிக்கவில்லை. நானே இரண்டு முறை போன் போட்டேன், எடுக்கவில்லை. கோபித்துக்கொண்டார் போலிருக்கிறது, போகட்டும், இரண்டு நாளில் சரியாவார் என்று விட்டேன். ஐந்தாம் தேதிக் கட்டத்தில் பென்சிலால் முப்பது என்று போட்டேன். ஆறாம் தேதியும் அப்படியே. பத்து நாள் கழித்துத்தான் அவருடைய அண்ணன் போனை எடுத்தார். ஐந்தாம் தேதி விடியும்போது தம்பி செத்துக் கிடந்தான் என்றார். நான் என்ன செய்தேன் தெரியுமா? ஐயோ என்றேன், ரொம்ப வருத்தமாக இருக்கிறது என்றேன், அடுத்த மூச்சில் "மீட்டர் மாடியில இருக்கா?" என்று கேட்டேன். அவர் போனை வைத்துவிட்டார். இதை எழுதும்போதுகூட எனக்கு முகம் சுடுகிறது. எப்படி இறந்தார் என்று நான் கேட்கவில்லை. மாரடைப்பாக இருக்கும் என்று நானே ஒரு காரணத்தைப் போட்டுக்கொண்டேன், கட்டத்தில் எண்ணைப் போடுவதைப் போல. மாதக் கடைசியில் கான்பூர்ப் பக்கம் முப்பது கட்டங்களும் நிரம்பி, பார்க்க லட்சணமாக அச்சுக்குப் போனது.

ஜூலை நடுவில் ஒரு மதியம், தார்நாகாவில் நல்ல மழை, ஜன்னலைச் சாத்திவிட்டு டப்பாவைத் திறந்து சாப்பிட உட்கார்ந்தேன். கைலாஷின் எண்ணிலிருந்து போன். டப்பாவை மூடிவிட்டு எடுத்தேன். பேசியது அவருடைய மனைவி. சரிதா என்று பெயர் சொன்னார், என்னை தீதி, அக்கா என்று கூப்பிட்டார். அவர் வேகமாகப் பேசிய ஹிந்தியில் பாதி எனக்குப் புரியவில்லை. திரும்பத் திரும்பக் கேட்டேன், சலிக்காமல் திரும்பத் திரும்பச் சொன்னார். நான் புரிந்துகொண்டதைத் தமிழில் சொல்கிறேன்.

"தீதி, எனக்கு ஒரே ஒரு விஷயம் தெரியணும். அன்னிக்கு ராத்திரி மாடியில எவ்வளவு?"

கைலாஷ் மாடியில் போய்ப் படுக்கலாம் என்றாராம். இவர்தான் வேண்டாம் என்று மறித்தாராம். பக்கத்துக் கட்டடத்தில் புதிதாக வைத்த ஏசிகளின் பின்பக்கம் இவர்கள் மாடியைப் பார்த்து இருந்ததாம். "மாடியில அனல் அடிக்குது, அங்க படுத்தா வெந்துடுவோம்னு நான்தான் சொன்னேன். அறையில கூலர் இருக்குன்னு படுக்க வச்சேன். கரண்ட் போயிடுச்சு. விடியக்காலம் தொட்டுப் பார்த்தேன் தீதி, உடம்பு அடுப்பு மாதிரி." வெப்பம் தாக்கி இறந்ததாக ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்தார்களாம். ஜூலையில் எங்கள் அட்டவணை கடையின் மெயிலுக்கு வந்ததும், தம்பியின் வழக்கத்தை விடக்கூடாதென்று அண்ணன் அதை அச்செடுத்துக் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறார். ஒட்டிவிட்டு ஐந்தாம் தேதிக் கட்டத்தைப் பார்த்திருக்கிறார். "மாடியில முப்பதுதான் இருந்திருக்கு. நல்லா தூங்கியிருப்பான். நீதான் அறையில போட்டுக் கொன்னுட்டேன்னு சொல்றாங்க. மாமியார் என்கிட்ட பேசறதில்லை. என் பொண்ணு அந்தத் தாளையே பார்த்துக்கிட்டு நிக்கறா. நிஜமா முப்பதா தீதி?"

"பார்த்துச் சொல்றேன்" என்றேன். பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? நோட்டு என் பையிலேயே இருந்தது. சிவப்பில் அடித்த மூன்று எண்கள். அதற்குக் கீழே அடித்தல் திருத்தல் எதுவுமில்லாத பென்சில் முப்பது. ஒரு மனிதர் செத்துக்கொண்டிருந்த இரவுக்கு, அடுப்பில் வெங்காயம் வதங்கிக்கொண்டிருக்கையில் நான் ஓர் எண் போட்டிருக்கிறேன், அந்த எண் கான்பூருக்குப் போய் அவர் மனைவிக்கு எதிராகச் சாட்சி சொல்லிக்கொண்டிருக்கிறது.

அடுத்த ஒரு வாரம் நான் நானாக இல்லை. காலை ஆறு நாற்பதுக்குப் போன் அதிர்ந்ததென்று எடுப்பேன், அதிர்ந்திருக்காது. ஒருநாள் வேறு வேலையாகப் போய், அமீர்பேட் மெட்ரோவில் வண்டி மாறும்போது கீழே இறங்கி, ஹாஸ்டல்கள் நெருக்கும் தெருவில் நடந்தேன். மாடிக்கு மாடி ஏசிப் பெட்டிகள், ஒன்றின் வெப்பக் காற்று எதிர் ஜன்னலில் போய் முட்டுகிறது. அந்த ஜன்னலுக்குள் யாரோ படிக்கிறார்கள், துணி காயப்போட்டிருக்கிறார்கள். மழை நின்று வெயிலடித்த ஒரு சாயங்காலம் எங்கள் குவார்ட்டர்ஸ் சுவரில் கையை வைத்துப் பார்த்தேன். வெதுவெதுவென்று இருந்தது. எடுக்க முடியவில்லை. உள்ளே யாரோ மூச்சு விடுவதுபோல் இருந்தது. "மேடம்ஜி" என்று காதுக்குள் அவர் குரல். ஸ்டெல்லா ஆன்ட்டி பார்த்துவிட்டு, "என்னமா, செவத்துக்கு ஃபீவர் பாக்கறியா?" என்றார். அழுதுவிட்டேன். அவர் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டுபோய்த் தண்ணீர் கொடுத்தார்.

கணவரிடம் சொன்னேன். ரயில்வேக்காரர், எதற்கும் சட்டென்று ஒரு வழி வைத்திருப்பார்.

"இதுல என்ன இருக்கு? அந்தம்மாவுக்கு நிம்மதி வேணும். மாடியில முப்பத்தெட்டுன்னு சொல்லிடு. வெளியே படுத்திருந்தாலும் பொழைச்சிருக்க மாட்டாருன்னு ஆயிடும். உன் பேரும் கெடாது, அச்சுல தப்பு விழுந்துடுச்சுன்னு சொல்லிக்கலாம்."

எனக்கு அது ரொம்பச் சரியாகப் பட்டது. உண்மையிலும் அப்படித்தான் இருந்திருக்கும். முதல் நாள் முப்பத்தேழு என்றால் அன்றைக்கு முப்பத்தெட்டு ஏன் இருந்திருக்கக் கூடாது? போனைக் கையில் எடுத்துவிட்டேன். அப்போதுதான் உறைத்தது, இதே மாதிரி "இருந்திருக்கும்" என்று நினைத்துத்தான் முப்பதும் போட்டேன். அது அவர் மனைவியைக் குற்றவாளி ஆக்கியது, இது விடுதலை செய்யும், இரண்டுமே என் சமையலறையில் பிறந்தவைதான். அந்தப் பெண் என்னிடம் ஆறுதல் கேட்கவில்லை. "நிஜமா" என்று கேட்டார். ஒரே ஒரு நப்பாசை மிச்சம் இருந்தது. கைலாஷ் இறந்த பிறகு யாரும் பொத்தானை அழுத்தியிருக்க மாட்டார்கள், கருவியிலேயே ஏதாவது நிற்கலாம். சரிதாவை மாடிக்குப் போய்ப் பார்க்கச் சொன்னேன். படியேறும் மூச்சு கேட்டது. "இருபத்துநாலு காட்டுது" என்றார். எனக்கு உடனே புரிந்துவிட்டது. கருவி மிகக் குறைந்ததைத்தான் பிடித்து வைத்திருக்கும். மழைக்காலம் வந்து ஊர் குளிர்ந்ததும் அந்தக் குளிர்ச்சி ஜூன் மாதத்தை அழித்துவிட்டது. அந்த இரவின் எண் இனி பூமியில் யாரிடமும் இல்லை.

மறுநாள் ராவ் சாரிடம் போனேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எந்துக்கம்மா இதந்தா?" என்றார், இதெல்லாம் எதற்கம்மா என்று. பிறகு ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னார். கான்பூரைத் திருத்தினால் மற்ற ஊர்களைக் கேட்பார்கள், இந்த மாதத்தைத் திருத்தினால் போன மாதங்களைக் கேட்பார்கள். அவர் சொன்னது நியாயமாகவும் இருந்தது, அதுதான் பயமாகவும் இருந்தது. இத்தனை நாளில் எத்தனை ஊரில் எத்தனை இரவுகளை நான் அடித்திருக்கிறேன்? ஒவ்வொன்றிலும் யாரோ உண்மையைச் சொல்லியிருக்கிறார்கள், நான் வேலூர் மொட்டைமாடியில் நின்றுகொண்டு சான்ஸே இல்லை என்றிருக்கிறேன்.

"வேலை போனாலும் பரவாயில்ல சார். நான் அந்தம்மாவுக்கு அனுப்பணும்."

அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "அனுப்பு. ஆபீஸ் பேர் வேண்டாம். உன் பேர் போட்டு அனுப்பு" என்றார். அந்த ஆறையும் விதியிலிருந்து எடுத்துவிடச் சொன்னார். அது அவர் எனக்குச் செய்த பெரிய உபகாரம். ஆனால் அதைச் சொல்லும்போது அவர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

சரிதாவைக் கூப்பிட்டு, அண்ணனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி போனை வைக்கச் சொன்னேன். கடையில் ஜெராக்ஸ் இயந்திரம் ஓடும் சத்தம் கேட்டது. சொல்ல வேண்டியதை ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன், ஸ்டெல்லா ஆன்ட்டி திருத்திக் கொடுத்த ஹிந்தி. வாயைத் திறந்ததும் தாள் எங்கோ போய்விட்டது, மெட்டுகுடா ஆட்டோ பாஷைதான் வந்தது.

"அந்த முப்பது யாரும் அளந்தது இல்ல. நான் போட்டது" என்றேன்.

"எதைப் பார்த்துப் போட்டீங்க?" அண்ணன் கேட்டார்.

"உங்க மாடியில எதையும் பார்க்கல, வேற ரெண்டு இடத்து எண்ணைக் கூட்டிப் பாதியாக்கினேன். யாரும் போன் பண்ணாத நாளுக்கு அப்படிப் போடறது வழக்கம். அதுக்கு முன்னாடி மூணு நாள் உங்க தம்பி சரியாச் சொன்னார். முப்பத்தாறு, முப்பத்தாறு, முப்பத்தேழு. நான் நம்பல. மீட்டர் கெட்டுப்போச்சுன்னு சொல்லி அடிச்சுட்டேன்."

இயந்திரத்தை யாரோ நிறுத்தினார்கள்.

"அப்போ அன்னிக்கு எவ்வளவு?"

"மேரே கோ நை மாலூம்" என்றேன். எனக்குத் தெரியாது. "யாருக்கும் தெரியாது. இனிமேலும் தெரியாது. மன்னிச்சிடுங்க."

அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "இந்தத் தாளை வச்சுக்கிட்டு நான் இவளை..." என்று தொடங்கியவர் முடிக்கவில்லை. கண்ணாடியிலிருந்து டேப்பைப் பிய்க்கும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு பேசியது சரிதா. அழுவார் என்று நினைத்தேன். குரல் உலர்ந்திருந்தது.

"ஒண்ணரை மாசமா எல்லாரும் எனக்குத் தெரியும் தெரியும்னு சொன்னாங்க தீதி. தெரியாதுன்னு சொன்ன முதல் ஆள் நீங்கதான்."

அது மன்னிப்பா, சாபமா, இன்றுவரை எனக்குப் புரியவில்லை. கேட்கவும் தைரியமில்லை. வைப்பதற்கு முன்னால் ஒன்று மட்டும் கேட்டார். இதைத் தாளில் எழுதி, பெயர் போட்டு அனுப்பச் சொன்னார். அந்தப் பழைய தாள் ஒட்டியிருந்த அதே இடத்தில் ஒட்ட வேண்டுமாம். வாயால் சொன்னதை நாளைக்கு மாற்றிச் சொல்லிவிடுவார்கள் என்றார்.

ஜூன் மாதக் கட்டங்களைத் திருத்திப் போட்டு, அதன் கீழே நடந்ததை எழுதி அனுப்பினேன். சில நாள் கழித்து அவருடைய மகள் கடைக் கண்ணாடியைப் படம் எடுத்து அனுப்பியிருந்தாள். எந்த ஊரிலும் என் பெயர் எழுதிய இடம் கிடையாது. வேலூரில் எங்கள் வீட்டை விற்றாகிவிட்டது, வாங்கியவர்கள் இடித்துக் கட்டிவிட்டார்கள். மெட்டுகுடாவில் வாசல் பலகையில் இருப்பது கணவரின் பெயரும் பதவியும்தான், மாற்றல் உத்தரவு வந்தால் அதையும் கழற்றிவிடுவார்கள். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஜூன், கான்பூர். முதல் நான்கு கட்டங்களில் கைலாஷ் சொன்ன எண்கள், அவர் சொன்னபடியே. ஐந்திலிருந்து முப்பது வரை வெறும் கட்டங்கள். நான் ஒருநாளும் கால் வைக்காத அந்த ஊரில், அந்த வெறும் கட்டங்களுக்குக் கீழே, தெருவில் போகிற யாரும் படிக்கிற மாதிரி என் பெயர் ஒட்டியிருக்கிறது.